கண்ணிலிருந்த கட்டியைத் திருடியவர்

1997, மார்கழி. காலை மணி 9.40. அடையாறில் டாக்டர் பத்ரிநாராயணனின் கண் கிளினிக்கில் ஒரு திருட்டு கண்டுபிடிக்கப்பட்டது. காணாமல் போனது ஒரு புற்றுநோய்.

கெங்கம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தவர், லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இளஞ்சிவப்பாய் ஒட்டிக்கொண்டிருந்த கட்டி இல்லை. சதைத் துணுக்கைச் சோதித்து லிம்ஃபோமா என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை கீமோதெரபி. வேறொரு புற்றுநோய்க்கு அதே கீமோ எடுத்த அவள் புருஷன் தேசப்பன், ஆடியில் வாந்தியெடுத்தே போய்ச் சேர்ந்திருந்தார்.

"அவருதான் சார் எடுத்துக்கினு போனாரு," என்றாள் கெங்கம்மா. ஊரூர் குப்பத்து மீன்காரி. "தலைமாட்டுல இருமுற சத்தம் கேக்குது. அடுத்து என்னையும் இட்டுக்கினு போவாரு."

டாக்டருக்கு முதுகு சில்லிட்டது. பேய்க்குப் பயப்படுகிற டாக்டர் என்று தெரிந்தால் பிழைப்பு என்னாவது? விசாரணையில் இறங்கினார்.

"வேற டாக்டர்?"

"இல்ல."

"நாட்டு மருந்து?"

"இல்ல சார்."

"மாத்திரை?"

"எனக்குன்னு ஒண்ணும் துன்னல."

மருமகள் ரோஸி குறுக்கிட்டாள். "அத்தைக்கு மூஞ்சி, கையெல்லாம் கருகிக் கீது பாருங்க. பேய் அடிச்சிதுன்னு தெருவே சொல்லுது."

ரவிக்கை மறைத்த இடம் தப்பியிருந்தது. அதற்குக் கீழே கைத்தோல் உரிந்திருந்தது. கல்யாணமானதிலிருந்து வெயிலில் கூடை சுமப்பவள். மயிலாப்பூர் சபா வாசலில் நிற்கும் மாமிகளையே சுடாத மார்கழி வெயில், இவளை எப்படிச் சுட்டது?

"அவரோட மாத்திரை வீட்டுல மிச்சம் இருக்கா?"

கெங்கம்மா தலையைக் குனிந்தாள். "கால் புண்ணுக்குக் குடுத்தது. பாதியில வுட்டுட்டுப் பூட்டாரு. மூணு வாரமா தெனம் அவரு படத்தாண்ட படைச்சிட்டு, நானே முழுங்கிடுவேன். படைச்சத வீசக் கூடாதில்ல?"

சுருக்குப்பையிலிருந்து மாத்திரைப் பட்டை வெளியே வந்தது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்.

மணி 10.15.

"இதுதான் திருடன்," என்றார் டாக்டர். "இதைச் சாப்பிட்டா இளவெயிலும் தோலைப் பொசுக்கும். இந்த ஜாதிக் கட்டி வயித்துல வந்தா, கிருமியைக் கொன்னதும் கரையறதுண்டு. கண்ணுல கரைஞ்சதா நான் படிச்சதில்ல. ஆனா இங்கேயும் ஏதோ கிருமி இருந்திருக்கணும். கேன்சர் டாக்டர்கிட்ட பேசி கீமோவை நிறுத்தி வைக்கச் சொல்றேன். மாசாமாசம் வந்து காட்டணும். திரும்ப வந்தா கீமோதான்."

கெங்கம்மாவின் முகத்தில் நிம்மதி வரவில்லை. "அப்ப அவரு எடுக்கலியா?"

"மாத்திரை யாரோடது?"

"அவரோடது."

"அப்ப எடுத்தது அவர்தான்."

"என்னை இட்டுக்கினு போறதுக்கா சார்?"

"கூட்டிண்டு போறவர் மருந்தை விட்டுட்டுப் போவாரா?"

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணைக் கசக்காதீங்கோ," என்றார் டாக்டர்.