செங்குடியின் முதல் திருட்டு

செங்குடியில் பொழுது விடிந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து கணக்குக் கேட்பார். செவ்வாயின் மண்ணுக்கடியில் குழாய் வீடும் குழாய்த் தெருவும் கட்டி வாழ்கிறவர்களுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. அங்கே வீட்டுக்குள் உயிர்வளி குறைந்தால் மூச்சு முட்டாது, இருமலும் வராது. மூளை மெல்ல மெல்ல மழுங்கும். ஆனால் தன்னைப் போல் அறிவாளி கிடையாது என்று அந்த மூளைக்கே தோன்றும். சிரித்த முகத்தோடு செத்துப்போவார்கள். அதனால் வேறு வீட்டுக் காற்றைச் சுவாசித்த ஒருவர் வந்துதான் சோதிக்க வேண்டும்.

சதானந்தம், அஞ்சுகம் தம்பதியைச் சோதிப்பவர் அடுத்த வீட்டு பிலோமினா. பனிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். கதவைத் தட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஊரில் எந்தக் கதவுக்கும் பூட்டும் இல்லை.

"தம்பி, பதினேழும் எட்டும் எவ்வளவு?"

"இருபத்தஞ்சுக்கா."

"அஞ்சுகம், பதிமூணுல ஆறு போனா?"

"ஏழு. உக்காருங்கக்கா, காப்பி போடுறேன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஊரில் பூமியிலிருந்து ஒரு விற்பனை இயந்திரம் வந்து இறங்கியது. சதானந்தத்தின் வீட்டுக்குள் உருண்டு வந்து, "ஐயா, உங்க வீட்லயே ரொம்ப உசத்தியான பொருள் எது?" என்று கேட்டது.

கணவனும் மனைவியும் நெடுநேரம் யோசித்தார்கள். அஞ்சுகத்தின் தம்பி பூமியிலிருந்து அனுப்பிய வடுமாங்காய் ஜாடிதான் ஞாபகத்துக்கு வந்தது.

"அதை யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

சதானந்தத்துக்கு அதுவரை அப்படியொரு எண்ணம் வந்ததேயில்லை. வந்த பிறகு போகவும் இல்லை. ஜாடி கட்டிலுக்கடியில் போயிற்று.

இயந்திரம் விற்க வந்தது காவலன் என்ற திருட்டு எச்சரிக்கைக் கருவி; அதில் பல ரகங்கள் இருந்தன. மின்சாரம் பாய்ச்சுகிற ரகத்தை அஞ்சுகம் வேண்டாமென்றாள். "உங்க மறதிக்கு மொத அடி உங்களுக்குத்தான் விழும்." வீட்டுக்காரரின் காதில் பொருத்திய சில்லில் மட்டும் கிசுகிசுக்கிற ரகத்தைச் சதானந்தம் தள்ளினார். திருடன் வந்தது ஊருக்குத் தெரியாவிட்டால் என்ன பெருமை? கடைசியில், கத்திக் கூப்பாடு போட்டுக் கதவையும் தாழிட்டுக்கொள்ளும் கம்பியில்லாக் காவலன் முடிவாயிற்று.

பொருத்துவது சுலபம் என்றது இயந்திரம். பொத்தான் அளவில் இருந்த உணரிகளைச் சதானந்தம் தாமே ஒட்டினார். அடுக்களையில் ஒட்டியது, குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் திருடன் திருடன் என்று அலறியது. குளியலறைப் பக்கம் மாற்றினார். அங்கே சதானந்தம் துண்டோடு வெளியே வந்தபோது அவரைப் பார்த்தே அலறியது. முதல் நாள் தெருவே ஓடி வந்தது. பிறகு, "சதா வீட்டுச் சத்தம்" என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அடுத்து, நம்மவர் யார் என்று அதற்குக் காட்ட வேண்டும். அடிப்படைத் திட்டத்தில் இரண்டு முகங்களுக்குத்தான் இடம்.

"பிலோமினாக்கா மொகம்?" என்றாள் அஞ்சுகம்.

"அதுக்குப் பெரிய திட்டம் எடுக்கணுமாம். பாத்துக்கலாம். நாம உள்ளேயிருந்தே பதில் சொன்னா ஆகாதா?" என்று சொல்லி, முடிவில்லாமல் நீண்ட நிபந்தனைகளின் அடியில் சம்மதம் என்ற இடத்தைத் தொட்டார். காற்றைச் சோதிக்கும் உணரி தனி விற்பனை என்று அந்த நிபந்தனைகளில் எங்கோ எழுதியிருந்தது.

மறுநாள் காலை பிலோமினா மூடிய கதவின் முன் நின்றார். "அன்னியர் நெருங்குகிறார்!" என்று காவலன் ஊரைக் கூட்டியது.

"யாரு அன்னியர்? நான் பிலோமினா!" என்று கத்தினார். பிறகு உள்ளே பார்த்து, "அப்படி என்னத்தத் தம்பி பொத்தி வச்சிருக்கிய?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா" என்றார் சதானந்தம், ஜாடியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியபடி.

கோபத்தில் பிலோமினா அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவ்வழியே போனவரை ஒரு பாட்டுச் சத்தம் நிறுத்தியது. சதானந்தம் பாடுகிறவர் அல்ல. வாசலை நெருங்கினார். காவலன் அலறியது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"தம்பி! நாலும் மூணும் எவ்வளவு?"

உள்ளே சிரிப்பு. "வெண்டைக்காய்!"

"அஞ்சுகம்! நீ சொல்லு!"

பதில் இல்லை.

செந்தூசி சேர்ந்து காற்றுவடிகட்டி அடைத்துப் போயிருந்தது. பிலோமினா கதவைத் தள்ளினார். தாழ் இறுகியது. "கவலை வேண்டாம். உங்கள் வீடு பாதுகாப்பாக இருக்கிறது" என்று வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொன்னது காவலன். பிலோமினா வீட்டுக்கு ஓடினார். சுரங்கத்துச் சுவாச முகமூடியை மாட்டிக்கொண்டு, கடப்பாரையோடு திரும்பினார். கதவு பிளந்தது. உதடு நீலம் பாய்ந்து தரையில் கிடந்த அஞ்சுகத்தை முதலில் தெருவுக்கு இழுத்தார். பிறகு, வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பாடிய சதானந்தத்தை இழுத்தார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இரண்டு பிணங்கள்.

இருவரும் மருத்துவக் கூடத்தில் கண் விழித்தார்கள். அஞ்சுகம் பிலோமினாவின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. "உங்கள வெளிய நிக்க வச்சோமேக்கா" என்று அழுதாள்.

அதற்குள் காவலனைச் செய்த நிறுவனத்தின் அறிக்கை எல்லா வீட்டுச் சுவர்த்திரையிலும் வந்துவிட்டது. முகமூடி அணிந்த மர்ம ஆள் கடப்பாரையால் கதவை உடைத்து நுழைந்ததாகவும், குடியிருந்தவர்களைத் தரதரவென்று இழுத்துச் சென்றதாகவும், நம் காவலன் கடைசிவரை அஞ்சாமல் குரல் கொடுத்ததாகவும் அதில் கண்டிருந்தது. செங்குடியின் முதல் திருட்டு! அந்த வாரமே இயந்திரத்தின் கையிருப்பு தீர்ந்தது.

வீடு திரும்பிய சதானந்தத்தைத் தேடிப் பிலோமினா வந்தார். கையில் புத்தம்புதுக் காவலன்.

"இதக் கொஞ்சம் ஒட்டிக் குடு தம்பி. காலம் கெட்டுக் கெடக்கு. கடப்பாரையோட ஒருத்தன் திரியுதானாம்லா."

"அக்கா, அது நீங்கதானே!"

"நானா? நான் வந்தது ஞாயித்துக்கிழமை மத்தியானம்லா?"

"அதுலயும் அதே நேரம்தான் போட்டிருக்கு."

பிலோமினா நெஞ்சில் கைவைத்தார். "அடப்பாவி! அப்ப நான் உள்ள இருக்கும்போதே அவனும் உள்ள இருந்திருக்கான்!"

சதானந்தம் யோசித்துப் பார்த்தார். திரையில் வந்திருக்கிறது, பொய்யாகவா போடுவார்கள்? யோசிக்க யோசிக்க அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. பசையும் துணியும் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுப்பாக ஒட்டிக் கொடுத்தார்.

நம்மவர் யார் என்று கேட்டது காவலன். பிலோமினா தம் முகத்தை மட்டும் காட்டினார். வேலை முடிந்து சதானந்தம் வாசலைத் தாண்டினார். செருப்பை உள்ளேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்பினார். "அன்னியர் நெருங்குகிறார்!" என்று அது தெருவே அதிரக் கத்தித் தாழிட்டுக்கொண்டது.

வெறுங்காலோடு நின்ற சதானந்தத்தின் முகம் மலர்ந்தது.

"நல்ல சாமான்க்கா!" என்றார் மூடிய கதவைப் பார்த்து. "ஆள் பாத்து சரியாக் கத்துது."