இரண்டு பீட்சா, மூன்று பேர்

"ரெண்டே ரெண்டு நாள்தான். பாவம், அவ நம்ம ஸ்கூலுக்கே புதுசு. தனியா பயந்துபோய் உட்கார்ந்திருக்கா. நான் போய் அவ பக்கத்துல உட்காரட்டுமா?" என்று மைனா கேட்டாள்.

"போயேன். எனக்கென்ன?" என்றேன் நான்.

இந்தப் பேச்சு நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மைனாவின் இரண்டு நாள் மட்டும் இன்னும் முடியவில்லை.

மைனா என்பது அவளுடைய பட்டப்பெயர். வாய் ஓயவே ஓயாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சில், என் இடது பக்கம் அவள்தான். என்னை எல்லோரும் குண்டூசி என்பார்கள். ஒல்லியாக இருப்பேன், சுருக்கென்று கோபமும் வரும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டார்கள்.

"திரும்பி வந்துடு, மைனா."

மூன்றே சொல். தினமும் பல் தேய்க்கும்போது கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்ப்பேன். நுரையோடு சேர்ந்து அழகாக வரும். பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்ததும் தொண்டையிலேயே நின்றுவிடும். 'எனக்கென்ன' என்று வீறாப்பாகச் சொன்னவள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது?

அப்போதுதான் சித்தப்பா ஒரு நல்ல சேதியோடு வந்தார்.

சித்தப்பா மின்சார வேலை பார்ப்பவர். எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் பீட்சா கடைக்கு விளக்கு, மின்விசிறி எல்லாம் மாட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்கன்னு கடைக்கார அக்கா சொல்லியிருக்காங்க. இத்தாலியில நேப்பிள்ஸ்னு ஒரு ஊராம். அங்கே போய்க் கத்துக்கிட்டு வந்திருக்காங்க. உன் கூட்டாளியையும் வரச் சொல்லு, வாலு."

அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். கடையில் வைத்துக் கேட்டுவிட வேண்டும். நான், மைனா, நடுவில் சுடச்சுட ஒரு பீட்சா. வாயில் பாலாடைக்கட்டி இழுபடும்போது யாராவது 'மாட்டேன்' என்பார்களா?

விஷயத்தைச் சொன்னதும் மைனா குதித்தாள்.

"ஐயோ, சூப்பர்! புதுசையும் கூட்டிக்கிட்டு வர்றேன்!"

அந்தப் பெண்ணுக்கு இன்னும் பட்டப்பெயர் கிடைக்கவில்லை. அதனால் அவள் 'புதுசு'.

"கூட்டிக்கிட்டு வா. எனக்கென்ன?" என்றது என் வாய். அந்த வாயை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை புதுசு வந்தாள். பாதி வழியில் அவளுடைய செருப்பு வார் அறுந்தது. நாங்கள் எல்லோரும் நடுத்தெருவில் நின்றோம்.

"இதுக்கெல்லாம் கவலைப்படலாமா? சித்தப்பா எதுக்கு இருக்கேன்?" என்று சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கறுப்பு ஒட்டுநாடாவை எடுத்தார். ஒயருக்குச் சுற்றுவதுபோலச் செருப்பைச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார், கால் மணி நேரம் சுற்றினார். கடைசியில் செருப்பு ஒரு குட்டி எலிபோல ஆகிவிட்டது.

"இனிமே ஷாக் அடிக்காது, போட்டுக்கோ" என்றார்.

மைனா விழுந்து விழுந்து சிரித்தாள். புதுசு மெதுவாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே அடக்கிக்கொண்டேன்.

கடை ரொம்பச் சின்னது. நாலே நாலு மேசை. ஒரு மூலையில் பெரிய பானையைக் கவிழ்த்ததுபோல ஒரு விறகு அடுப்பு. கடைக்கார அக்கா படகுத் துடுப்பு மாதிரி நீளமான ஒன்றை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு வாடியது.

"அடடா, இவ்வளவு லேட்டாவா வருவீங்க? ரெண்டே ரெண்டு மாவு உருண்டைதான் மிச்சம் இருக்கு."

"இன்னும் கொஞ்சம் பிசைஞ்சுக்கலாமே?" என்று சித்தப்பா சுலபமாகச் சொன்னார்.

"பிசையலாம். நாளைக்குச் சாப்பிடலாம். இந்த மாவு ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்திரிக்கணும், அண்ணே. அவசரப்படுத்தினா கோவிச்சுக்கும். உருண்டை தீர்ந்தா கடையைச் சாத்திடுவேன்."

"எனக்குப் பசியே இல்லை" என்றார் சித்தப்பா உடனே. அவர் வயிறு மட்டும் 'கொர்' என்று உண்மையைச் சொன்னது.

செருப்பு அறுந்திருக்காவிட்டால் நேரத்துக்கு வந்திருப்போம். புதுசு வந்திருக்காவிட்டால் செருப்பே அறுந்திருக்காது. நான் புதுசின் செருப்பையே பார்த்தேன். அவள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

மாவைத் தட்டி, தக்காளி பூசி, பாலாடைக்கட்டியைக் கிள்ளிப் போட்டு, துளசி மாதிரி நாலைந்து இலையும் தூவி, துடுப்பால் உள்ளே தள்ளினார் அக்கா. நூறு எண்ணுவதற்குள் இரண்டும் வெந்து வெளியே வந்துவிட்டன! விளிம்பு உப்பிப்போய், அங்கங்கே கறுப்புப் புள்ளி.

"அக்கா, கருகிடுச்சு!" என்று மைனா பதறினாள்.

"சிறுத்தைக்கு உடம்பெல்லாம் புள்ளி இருக்கே, அது கருகிடுச்சா? இது இப்படித்தான் இருக்கணும்."

"துண்டு போட்டுத் தர மாட்டீங்களா?"

"இந்த முறையில முழுசாத்தான் தட்டுக்கு வரும். கத்தியும் முள்கரண்டியும் அங்கேயே இருக்கு பாருங்க. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."

இரண்டு பீட்சா. மூன்று பேர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

மைனாதான் தீர்ப்பு சொன்னாள். "குண்டூசி, உங்க சித்தப்பாதானே கூட்டிக்கிட்டு வந்தாங்க. நீ ஒண்ணை முழுசா எடுத்துக்கோ. நானும் புதுசும் இன்னொண்ணைப் பாதிப் பாதி பண்ணிக்கிறோம்."

எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். ஒரு முழு பீட்சாவை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

எதிரே இரண்டு தலைகளும் ஒரே தட்டின் மேல் குனிந்தன. "இது உனக்கு, இது எனக்கு", "அந்த இலை எனக்கு வேணும்" என்று ஒரே கலகலப்பு. நான் என் தட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி வாயில் போட்டேன். விளிம்பு மொறுமொறு, உள்ளே பஞ்சு. இவ்வளவு ருசியான ஒன்றை நான் சாப்பிட்டதே இல்லை. 'எப்படி இருக்கு பாரேன்!' என்று சொல்ல நிமிர்ந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது "இழு, இழு" என்று மைனாவின் குரல் கேட்டது. பீட்சாவைச் சரியாக வெட்டாமல், ஆளுக்கொரு பக்கம் கையால் பிடித்துத் தூக்கியிருந்தார்கள். விளிம்புதான் கெட்டி. நடுப்பகுதி தளதளவென்று ஈரம். அது கந்தல் துணிபோலக் கிழிந்தது. தக்காளியும் பாலாடைக்கட்டியும் வழுக்கிக்கொண்டு புதுசின் மடியில் விழுந்து, அங்கிருந்து தரைக்குப் போயின. பின்னாலேயே பீட்சாவும் தலைகுப்புறப் போயிற்று.

 மைனா காலித் தட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

என் மனதுக்குள் ஒரு குட்டிப் பிசாசு 'நல்லா வேணும்!' என்று கை தட்டியது. அதை மறைத்துச் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும்.

புதுசின் கண் நிறைந்துவிட்டது. "எல்லாம் என்னாலதான்" என்றாள். "செருப்பு அறுந்தது என்னாலதான். லேட்டானதும் என்னாலதான். நான் வராமலே இருந்திருக்கலாம்."

இவ்வளவு நேரம் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. அவள் வாயால் கேட்டபோது காதுக்கு அசிங்கமாக இருந்தது. குட்டிப் பிசாசு கை தட்டுவதை நிறுத்திவிட்டது.

என் தட்டை மேசையின் நடுவில் தள்ளினேன்.

"அழுதது போதும், மூக்கைத் துடை. இது ஆறினா நல்லா இருக்காதாம்" என்றேன்.

"உனக்கு?" என்றாள் புதுசு.

"எனக்கும்தான். மூணு பேருக்கும்."

"மறுபடியும் கிழிஞ்சுட்டா?" மைனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடவே மாட்டேன் சாமி!"

தனியாகச் சாப்பிட்டதில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. பேச ஆள் இல்லாததால் பீட்சாவை நன்றாகக் கவனித்திருந்தேன். நடுவிலிருந்து விளிம்புவரை கத்தியை மூன்று முறை, நிதானமாக இழுத்தேன். மூன்று பெரிய துண்டு. நுனிதான் தொங்கும், நுனிதான் ஒழுகும். அதனால் முள்கரண்டியால் நுனியைத் தூக்கி, விளிம்பின் மேல் மடித்து வைத்தேன். கைக்குட்டை மடிப்பதுபோலத்தான். தக்காளி எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது.

முதல் துண்டைப் புதுசிடம் கொடுத்தேன். "விளிம்பைப் பிடிச்சுக்கோ. ஒரு சொட்டுக்கூட விழாது."

விழவில்லை.

ஈரத்துணியோடு வந்த கடைக்கார அக்கா அப்படியே நின்றுவிட்டார். "அட! அந்த ஊர்ல தெருவுல நடந்துக்கிட்டே சாப்பிடுறவங்க இப்படித்தான் மடிச்சுச் சாப்பிடுவாங்க. யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லை அக்கா. ஒழுகுச்சு, மடிச்சேன்."

"என் அண்ணன் பொண்ணாச்சே!" என்றார் சித்தப்பா, தரையைத் துடைத்துக்கொண்டே. பசியில்லாத சித்தப்பாவுக்கு ஆளுக்கு ஒரு கடி விளிம்பு கொடுத்தோம். மூன்று விளிம்பையும் மூன்றே நொடியில் முடித்துவிட்டு, "சும்மா ருசி பார்த்தேன்" என்றார்.

மேசை சின்னது. துண்டுகள் பெரியவை. மூன்று பேரும் நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டோம். மைனாவின் மூக்கு நுனியில் தக்காளி ஒட்டியிருந்தது. நானும் புதுசும் அதை ஒரே நேரத்தில் பார்த்தோம். இரண்டு பேருமே சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் புதுசு மெல்லிய குரலில் கேட்டாள். "உனக்கு என்மேல கோபமா இருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். மூணு வாரமா நீ என்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

"கோபமா? எதுக்குக் கோபம்?" என்று மைனா திரும்பினாள். "ஏய் குண்டூசி, என்ன விஷயம்?"

'ஒண்ணுமில்லையே' என்ற வார்த்தை வழக்கம்போல நாக்கு நுனிக்கு ஓடி வந்தது. 'எனக்கென்ன' அதன் பின்னாலேயே வந்து நின்றது. இரண்டையும் கடைசி வாய் பீட்சாவோடு சேர்த்து விழுங்கினேன்.

"புதுசு, உன்மேல எனக்குக் கோபம் இல்லை. உன்னை எனக்குத் தெரியவே தெரியாதே, அப்புறம் எப்படிக் கோபம் வரும்?" என்றேன். பிறகு மைனாவை நேராகப் பார்த்தேன். தொண்டையில் எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை.

"நீ இல்லாம என் பெஞ்சுல உட்காரவே பிடிக்கலை, மைனா. திங்கட்கிழமை திரும்பி வந்துடு. வரும்போது இவளையும் கூட்டிக்கிட்டு வா, மூணு பேரும் நெருக்கி உட்கார்ந்துக்கலாம்."