பக்கத்து இருக்கையின் பிரேக்

மலை இறக்கம் தொடங்கிய இடத்திலேயே கார் கீச்சிட்டது. பழகிப்போன சத்தம்தான். வழக்கம்போல அவர் பாட்டின் ஒலியைக் கூட்டிவைத்தார். வெளியே பட்டப்பகலில் பனிமூட்டம் இறங்கி, சாலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று மனைவி இருந்தவரை தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்பார். கடைசியில் அவருக்கு 'அடுத்த வாரம்' என்றே பெயர் வைத்துவிட்டாள். வளைவில் இவர் வேகம் பிடித்தால், பக்கத்து இருக்கையில் இருக்கும் அவள் கால் தரைவிரிப்பை ஓங்கி அழுத்தும். "அந்தப் பக்கம் பிரேக் இல்லடி" என்று கேலி செய்வார். குதிகால் பட்டுப் பட்டு விரிப்பே குழிந்துபோயிருந்தது. காய்ச்சலில் அவள் போய்ச்சேர்ந்த பிறகு அந்த விரிப்பை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. பேடை மாற்றாததற்குக் காரணம் வெறும் சோம்பல்.

பின்னிருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கீச்சொலி கரகரப்பாக மாறியது. கருகல் வாடை எழுந்தது. எதிரே வளைவு, அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. பிரேக்கை மிதித்தார்.

கார் நிற்கவில்லை.

மறுபடி மிதித்தார். மிதி தரையைத் தொட்டது. "பாப்பா!" என்று அலறினார்.

அப்போதுதான் கருகலுக்கு நடுவே தலைவலித் தைலம் மணத்தது. வண்டியில் ஏறினாலே மனைவி நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

கீழே, விரிப்பு மட்டும் மெல்ல அமுங்கியது.

கார் குலுங்கி, தடுப்புச் சுவரை உரசுகிற மாதிரி நின்றது.

மகள் கண்விழித்து, முன்னிருக்கையையே பார்த்தாள். "அம்மா ஏன்ப்பா கோவமா இருக்காங்க?" என்று கிசுகிசுத்தாள்.

அடிவாரப் பட்டறைக்குக் காரை இழுத்துக்கொண்டு போனார்கள். மெக்கானிக் முன்சக்கரங்களைக் கழற்றிக் குனிந்து பார்த்தார்.

"பேட் சுத்தமா இல்ல சார். இரும்பும் இரும்பும்தான் உரசியிருக்கு. பிரேக் ஆயிலும் கொதிச்சுப்போச்சு. இது எப்படி நின்னுச்சு?"

அவர் பார்வை பக்கத்து இருக்கையின் விரிப்புக்குப் போனது.

புது பேட் மாட்டி, ஆயிலும் மாற்றியாயிற்று. வெயில் எட்டிப்பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பியது. மகள் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். ஆண்கள் இருவரும் காருக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

"பின்சக்கரத்துலயும் தேஞ்சுதான் இருக்கு சார். அதையும் மாத்திடலாமா?"

நாய் வாலை நிமிர்த்த முடியுமா? யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

காரின் பிரேக் விளக்குகள் பளீரென்று சிவந்தன.

"யாரு சார் உள்ள மிதிக்கிறது?"

முன்னிருக்கைகள் இரண்டும் காலி. தைல வாசனை காற்றில் வந்தது. மகள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"அப்பா, இப்பவே மாத்தணுமாம்."

"மாத்திடுங்க" என்றார் அவர். "இப்பவே மாத்திடுங்க."

விளக்கு அணையவில்லை.