அழுத்தினால் வலிக்கும் இடங்கள்

பெனிஷா விரலை எடுத்த பிறகும் தோளில் அழுத்தம் போகவில்லை. யுவராணி பரிசோதனைக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். ரெக்சின் விரிப்பிலிருந்து டெட்டால் வாசமும், காலையிலிருந்து படுத்து எழுந்து போனவர்களின் வியர்வை வாசமும் கலந்து வந்தன. வெளியே பள்ளத்தாக்கு வழியாக இறங்கிய ஆடிக்காற்று ஜன்னல் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தது. வலி அடங்கக் கொஞ்சம் நேரமாகும்தான் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

எட்டு மாதமாக அந்தச் சமாதானத்தில்தான் ஓடுகிறது. உடம்பில் வலிக்காத இடமில்லை. ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன், எல்லாம் நார்மல். மேல்படிப்புப் படிக்கும் டாக்டர்கள் தங்களுக்கென்று ஓ.பி. சீட்டு போடுவதில்லை, வராந்தாவில் நின்றபடியே இன்னொரு டாக்டரிடம் கேட்டு, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வார்டுக்கு ஓடுவார்கள். அவளும் அப்படித்தான் ஓடினாள், மடச்சி. அவளுக்கு வலி என்று சொல்ல இந்த ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. யூனிட் சீஃப் கிறிஸ்டோபர் சார் காலையில் சிரித்தார்.

"ஃபைப்ரோமயால்ஜியாவா? யாராவது பார்த்து எழுதித் தரட்டும்மா, லீவு தர்றேன். இல்லேன்னா சாயங்காலம் டூட்டிக்கு வந்துரு."

நேற்றுக் காலையிலிருந்து அவள் கண்ணை மூடவில்லை. கூப்பிடு தூரத்தில் அல்லிநகரத்தில் வீடு. போய் எட்டு நாளாகிறது. இன்னும் ஒரு டூட்டி பார்த்தால் செத்துப்போவோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் ஓ.பி. முடிந்ததும் ஜூனியர் பெனிஷாவைக் கெஞ்சி இங்கே இழுத்து வந்தாள், முதல் முறையாகத் தன் பெயரில் ஒரு சீட்டோடு.

கட்டைவிரல் கழுத்தடிக்கு வந்தது. காரணம் பிடிபடாத இந்த உடம்புவலி நோயை அழுத்திப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்; நகம் வெளுக்கும்வரை அழுத்த வேண்டும், கணக்கு அதுதான். பிறகு முழங்கை. இடுப்பு. யுவராணி பல்லைக் கடித்தாள். விரல் சில்லென்றிருந்தது. முழங்காலின் உட்புறம். அங்கேயே நின்றது. எடுக்கவில்லை.

"போதும் பெனி. எலும்புல படுது. எடு."

"எதைக்கா?" குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. "நான் அப்பவே கை கழுவிட்டு இங்கன வந்துட்டேனே. உங்க சீட்டை எழுதிக்கிட்டிருக்கேன்."

யுவராணி மூச்சை அடக்கினாள். முழங்காலில் ஒரு விரல். தோளில் இன்னொன்று. இடுப்பில் இரண்டு. எல்லாம் ஒரே நேரத்தில்.

உருண்டு மல்லாந்தாள். பக்கத்தில் யாருமில்லை. முன்கையில் சதை குழிந்து இறங்கியது, கட்டைவிரல் அளவுக்கு. அதை ஒட்டிச் சின்னதாக இன்னொரு குழி. நகத்தடம் பதிந்தது.

பெனிஷாவும் பார்த்தாள். பயத்தையும் மீறி யுவராணிக்குச் சந்தோஷம் பொங்கியது. எட்டு மாதத்தில் முதல் சாட்சி.

"தெரியுதுல்ல பெனி? எழுதுடி. பார்த்ததை எழுது."

பெனிஷா சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். "இதை எழுதினா என்னையும் பைத்தியம்னுருவாகக்கா."

குனிந்தாள். நார்மல் என்று எழுதினாள். அவள் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் யுவராணியின் தொண்டையில், இரண்டு கட்டைவிரல் அகலத்துக்கு, சதை மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.