வரியின் முடிவில் ஓர் இடைவெளி

இரண்டு வரியும் கண்ணுக்கு ஒன்றுதான். ‘சாப்பிட்டியா வாலு?’ ஒன்று போன வருடம் அக்கா அவளுக்கு அனுப்பியது, இன்னொன்று நேற்று அனுப்பியது. கம்ப்யூட்டர் மட்டும் இரண்டும் வேறு வேறு என்றது.

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவள் அவள். வரிகளை ஒப்பிடும் புரோகிராம் ஒன்றை எழுதி, சோதிக்கக் கைக்கு அகப்பட்டதைப் போட்டிருந்தாள். விடாத மழையில் சாயங்காலமே அறைக்குள் இருட்டு ஏறி, சுவரின் ஈர வாடையும் சமையலறையில் கொதிக்கும் டீத்தூள் மணமும் கலந்து மூக்கை அடைத்தன.

எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தாள். நேற்றைய வரியில், கேள்விக்குறிக்கு அப்புறம், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ், வெற்று இடைவெளி. வழக்கமாக வரியின் இரு முனையிலும் இருக்கும் ஸ்பேஸைக் கத்தரித்துவிட்டுத்தான் ஒப்பிடுவாள். இன்று மறந்துவிட்டாள்.

அந்த ஸ்பேஸை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கணவனின் கடைக்கு, வாடிக்கையாளர்களுக்குத் தானாகப் பதில் அனுப்பும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒருவரின் பழைய பேச்சைக் கொடுத்தால் அதே மாதிரி பேசும். பேசி முடித்ததும் ஒரு ஸ்பேஸ் விட்டுவிடும். யார் கண்ணில் படப்போகிறது என்று அவளும் திருத்தாமல் விட்டிருந்தாள்.

முடிவில் ஸ்பேஸ் உள்ள வரிகளைப் பொறுக்க ஒரு பேட்டர்ன் எழுதி, அக்காவின் மெசேஜ் அத்தனையிலும் ஓட்டினாள். பழையதில் ஒன்றுகூட இல்லை. அக்கா இங்கே வந்து, கணவனோடு சண்டை போட்டுக் கிளம்ப, அவனே சமாதானம் பேசிக் காரில் ஸ்டேஷனில் விட்டுவந்த அந்த நாளுக்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் இருந்தது. ‘போன் எடுக்க முடியல, எழுதிப் போடு.’ பிறந்தநாள் வாழ்த்து. ‘அவர் நல்லவர்தான், நீதான் அனுசரிச்சுப் போகணும்.’

அப்படியானால் அவனைப் பற்றி இத்தனை நாள் யாரிடம் புலம்பினாள்?

சமையலறையில் டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம்.

“என்ன பண்றே?” அவன் குரல்.

“ஆபீஸ் வேலைதாங்க.”

“பேசாம அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீ. நான் எதுக்கு, டீ போட்டுக் குடுக்கவா?” சிரித்தான். “உங்க அக்கா ஏதாவது அனுப்பினாங்களா?”

“இன்னும் இல்ல.”

ஸ்பூன் நின்றது. அவள் போன் அதிர்ந்தது.

‘இருட்டுல உக்காந்து கண்ணைக் கெடுத்துக்காதே வாலு. லைட்டப் போடு.’

கடை புரோகிராமைத் திறந்தாள். அவள் வைத்த பாஸ்வேர்டுதான். மாற்றக்கூட இல்லை. அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அக்கா பெயரில் ஒரு ஃபோல்டர். பக்கத்தில் புதிதாக இன்னொன்று. அவள் பெயரில். அம்மாவுக்கு அவள் எழுதியதெல்லாம் உள்ளே. கொஞ்சியது. கோபித்தது. வெறும் ‘ம்’.

அம்மாவுக்கு அனுப்பும் பக்கத்தைத் திறந்தாள். அவள் எழுதாத வரி. அவள் பெயரில். போய்ச் சேர்ந்திருந்தது.

‘அம்மா, அவர்கூட எனக்கு ஒத்துவரல. அக்காகிட்டயே வந்துட்டேன். கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதே.’

மழை. வேறு சத்தமில்லை. பின்னால் அறைக் கதவின் தாழ்ப்பாள் மெதுவாக விழுந்தது.

திரையில் அம்மா பதில் அடித்துக்கொண்டிருந்தாள். வந்தது.

‘சரிம்மா. ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கீங்க, அது போதும் எனக்கு. நான் போன் பண்ணல.’