ஹர்கீரத்துக்காக ஒரு சண்டை

காந்தி ரோட்டில் மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. ஓரிக்கை பஸ்ஸுக்காக நின்றிருந்த அஃப்ஷீன், துப்பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓடி, கண்ணில் பட்ட முதல் கூரைக்கடியில் நுழைந்தாள். செல்போன் கடை. உள்ளே டிவியில் டெஸ்ட் மேட்சின் நான்காம் நாள். வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம்.

“அந்த ஹர்கீரத்தத் தூக்கிக் கடாசணும்பா. மூணு மேட்சா போடுறான், ஒரு விக்கெட் இருக்குதா?”

சொன்னவன் கடைக்காரன் ரெஹான். அவளுக்குச் சுருக்கென்றது. ஊரே திட்டும் அந்தப் பவுலர்தான் அவளுக்கு உயிர்.

“ஸ்லிப்புல நாலு கேட்ச் விட்டாங்களே… அதுக்கும் அவரையேதான் தூக்கணுமா?”

கூட்டம் திரும்பியது. அவனும் திரும்பினான். சிரிப்பை ஒளித்துவைக்கத் தெரியாத கண்கள்… பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் டிவியைப் பார்த்தாள்.

அந்த நொடியில் ஸ்டம்ப் பறந்தது. ஹர்கீரத்தின் பந்து!

பக்கத்து டீக்கடை சீனிவாசன் இரண்டு கைகளையும் விரித்து எல்லோரையும் தடுத்தார். “யாரும் நகராதீங்கபா. இந்தப் பொண்ணு வந்து நின்ன நேரம். நீயும் அப்படியே நில்லுமா.”

விக்கெட் விழும்போது யார் எங்கே இருந்தார்களோ, அங்கேயே இருக்க வேண்டும். அந்த வாசலின் சட்டம் அது. ஓரிக்கை பஸ் வந்தது, போயிற்று. அஃப்ஷீன் நகரவில்லை. சட்டத்துக்காகத்தானா? தோளுரசாத தூரத்தில் ரெஹான் நின்றான். டீ வரவழைத்துக் கொடுத்தான். அவன் குறை சொல்ல, அவள் மடக்க, பழைய பந்தில் தொடங்கிய வாக்குவாதம் எங்கெங்கோ போனது. நடுவில் இன்னொரு விக்கெட் வேறு!

அன்றைய ஆட்டம் முடிந்தபோது மழையும் விட்டிருந்தது.

“நாளைக்கும் வந்து நில்லுங்க,” என்றான் ரெஹான். “அவன் பந்துல ஒண்ணும் இல்ல… எல்லாம் உங்க ராசி.”

அவள் முகம் சிவந்தது. வெட்கத்தால் அல்ல.

“அப்ப, அவர் மூச்சு வாங்க ஓடியாந்து போட்டதெல்லாம் சும்மாவா? நான் வரமாட்டேங்க. நான் இல்லாமலே எடுப்பார், பாருங்க.”

மறுநாள் ஏனாத்தூரில், கல்லூரி கேன்டீனில், தோழி சாய்மாவின் செல்போனில் கண் பதித்து உட்கார்ந்திருந்தாள். ஹர்கீரத் ஒரு விக்கெட் எடுத்தான். அவள் துள்ளினாள். இன்னொன்று… இன்னொன்று… அவள் சொன்னதுதான் நடக்கிறது! ஆனால் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் நெஞ்சில் ஏதோ குறைந்துகொண்டே வந்தது. மேட்ச் முடிந்துவிட்டால் அந்த வாசலில் போய் நிற்க ஒரு சாக்கும் கிடையாதே… இப்போதே ஓடிப்போனால்? போனால் மறுபடியும் ராசி என்பானே!

ஹர்கீரத் அன்று எடுத்த ஐந்தாவது விக்கெட்டோடு இந்தியா ஜெயித்தது. புத்தகப் பையை அள்ளிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள். ஜெயித்ததைச் சொல்லிக்காட்டத்தான், வேறொன்றுமில்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைக்குள் கூட்டம் கூத்தாடியது. ரெஹான் மட்டும் வெளியே, ரோட்டோரத்தில் நின்றிருந்தான்.

“பாத்தீங்களா? அஞ்சு விக்கெட். அதுவும் என் ராசியா?”

“அஞ்சா?”

“கிண்டலா?”

“இல்லீங்க, நெஜமாவே தெரியாது.” அவன் தலை குனிந்தான். “காலையிலேர்ந்து ஒரு பந்துகூட பாக்கல. வர்ற பஸ்ஸையெல்லாம் பாத்துக்கினு இருந்தேன்… ராசி கீசின்னு நேத்து சொன்னது, உங்கள வேற எப்படி வரச் சொல்றதுன்னு தெரியாமத்தான்.”

வழியெல்லாம் சேர்த்துவைத்த வெற்றிப் பேச்சை அவள் அப்படியே விட்டுவிட்டாள்.

“எனக்கும் வரணும்னுதான் இருந்திச்சி,” என்றாள், மெல்ல. “ரொம்ப இருந்திச்சி… நீங்க ராசின்னு சொன்ன கோவத்துலதான் வரல.”

அவன் நிமிர்ந்தான். அதே கண்கள்… இப்போது அவள் பார்வையை விலக்கவில்லை.

“அடுத்த டெஸ்ட்டுக்கு ரொம்ப நாள் இருக்குதே…” என்றான் தவிப்போடு.

“அது வரைக்கும் யார் காத்துக்கினு இருக்கறது?” என்றாள் அஃப்ஷீன். “நாளைக்கே வரேன்.”