இரண்டு பேருக்கு ஒரு பலம்

தசைமாற்றிக் கூடத்தில் கட்டில்கள் இரண்டிரண்டாகத்தான் போடப்பட்டிருக்கும். ஒன்று கொடுப்பவருக்கு, மற்றது வாங்குபவருக்கு. மரியசெல்வி இரண்டு வருடமாகக் கொடுக்கும் கட்டிலிலேயே படுத்து வந்தாள்.

மகள் ஜோவிட்டாவுக்குப் பதினொரு வயதில் குடல் அழற்சி வந்தது. குடல் புண்ணாகி எரியும்போதெல்லாம் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்றது. தொடைகள் சூம்பிப்போயின. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, காலு வரமாட்டேங்கு" என்று அழுவாள். செல்வி பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கல் போன்ற கால்கள். கூடத்து இயந்திரம் அந்தக் கால்களின் தசையை மாதாமாதம் கொஞ்சம் கரைத்து, இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, மகளின் உடம்பில் படியவைத்தது.

இப்போது ஜோவிட்டா கைப்பந்து ஆடுகிறாள். புது மருந்தில் குடலும் ஆறிவிட்டது. செல்விதான் வேலையை விட்டுவிட்டாள். கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றாள். மகளிடமும் அதையேதான் சொன்னாள். இயந்திரம் தன்னிடமிருந்து எடுப்பது வெறும் சத்து என்று நம்பவைத்திருந்தாள்.

ஒரு ஞாயிறு காலை குளியலறையில் விழுந்தாள். ஓடிவந்த ஜோவிட்டா அவளை இரு கைகளிலும் அள்ளித் தூக்கினாள். தூக்கியவள் நகரவில்லை. நைட்டிக்குக் கீழே குச்சியாகத் தொங்கிய கால்களையே பார்த்தாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"நான் நடக்கது ஒன் காலுலயாம்மா?"

செல்வி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே மகள் அவளைக் கூடத்துக்குக் கூட்டிப்போய்த் தன்னிடமிருந்து பாதியைத் திருப்பி எடுக்கச் சொன்னாள். இயந்திரத்தை இயக்கும் சேவியர் தயங்கினார்.

"முடியும் பாப்பா. ஆனா மாத்துத ஒவ்வொரு தடவையும் பத்துல ஒரு பங்கு வழியிலயே போயிரும். ஒனக்கும் இல்ல, அம்மாவுக்கும் இல்ல."

"குடுத்தத நான் திரும்ப வாங்க மாட்டேன்" என்றாள் செல்வி.

"குடுக்கும்போது என்னயக் கேட்டியாம்மா?"

செல்வி வாங்குபவரின் கட்டிலில் முதன்முறையாகப் படுத்தாள்.

அவள் எழுந்து நடந்தாள். இரண்டு வாரம் வீட்டில் சிரிப்புச் சத்தம் இருந்தது. அப்புறம் ஜோவிட்டாவின் குடல் மறுபடி எரியத் தொடங்கி, அவளிடம் மிச்சமிருந்த பாதியையும் தின்றது. செல்வி தன்னுடையதைக் கொடுத்தாள். மகள் கொஞ்சம் தேறியதும், தாய் எழ முடியாமல் கிடப்பதைப் பார்த்து அவள் திருப்பிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சேவியர் சொல்லிப்பார்த்தார். இருவருமே கேட்கவில்லை. ஒருவர் நிற்கும் மாதத்தில் மற்றவர் படுத்திருந்தார். சேர்ந்து நடந்த நாள் எது என்று செல்விக்கு நினைவில்லாமல் போனது.

ஆறாவது முறை, செல்வி மகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி.

"எனக்கு நல்லாவே பலம் வந்துட்டு சேவியர் அண்ணே. இவளத் தூக்குததே தெரியல."

இருவர் எடையும் தடவைக்குத் தடவை இறங்கிக்கொண்டே வந்த எடைக்கருவியைச் சேவியர் முன்னால் தள்ளினார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போன மாசம் ஒங்களத் தூக்கிட்டு வந்தப்ப, அவளும் இதத்தாம்மா சொன்னா."

செல்வி மகளைக் கீழே இறக்கவில்லை.